வயிற்றுப் பிள்ளைக்காரி அழலாம்

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் தடைகளுக்குக் குறைவில்லை. பப்பாளி தொடாதே, அன்னாசி தொடாதே, கிரகண நேரத்தில் வெளியே தலை காட்டாதே, உச்சி வேளையில் புளியமரத்துப் பக்கம் போகாதே. இதெல்லாம் எப்படியோ கடந்துவிடும். பப்பாளி இல்லாமல் பத்து மாதம் ஓட்டுவது யாருக்கும் பெரிய காரியம் இல்லை. ஆனால் "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே, பிள்ளைக்கு ஆகாது" என்று ஒன்று சொல்கிறோமே, அதைத் தாங்குவதுதான் கஷ்டம். சொல்கிறவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவளுக்கோ கவலை இரண்டாகிவிடுகிறது. ஏற்கெனவே மனதில் கிடப்பது ஒன்று. அது பிள்ளையைக் கெடுத்துவிடுமோ என்பது இன்னொன்று. முதல் கவலையையாவது யாரிடமாவது சொல்லலாம். இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருக்கும்.

தாயின் மனநிலை வயிற்றுக் குழந்தையை எட்டுமா, எட்டினால் எந்த அளவுக்கு, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் பல வருஷமாக என்னோடு இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. பிள்ளை பெற்றவள், பிள்ளை பெறுகிறவர்களுக்குத் துணை நின்றவள், இது பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணியின் மனதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவளைச் சுற்றியிருக்கும் வீடும், கணவனும், ஆஸ்பத்திரியும். அந்த வேலையை நாம் அவள் தலையிலேயே கட்டிவிட்டு, உபதேசத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வயிற்றில் இருந்தபடியே சக்கர வியூகம் கேட்ட அபிமன்யுவை இந்தப் பேச்சில் இழுக்காத வீடு இல்லை. எனக்குப் பிரகலாதன் கதைதான் பிடிக்கும். பாகவதத்தில் அது இப்படி வருகிறது. இரணியன் தவத்துக்குப் போன நேரத்தில் தேவர்கள் அவன் ஊரைத் தாக்குகிறார்கள். நிறைசூலியான கயாதுவை இந்திரன் இழுத்துக்கொண்டு போகிறான். பிள்ளை பிறந்ததும் கொன்றுவிடுவது அவன் எண்ணம். வழியில் நாரதர் தடுக்கிறார். அவளை விடுவித்துத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துப் போய், உன் கணவன் வரும்வரை இங்கே பயமில்லாமல் இரு என்கிறார். அதற்குப் பிறகுதான் உபதேசமெல்லாம். நாம் கதை சொல்லும்போது உபதேசத்திலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம். பயந்து நடுங்கிய ஒரு பெண்ணுக்கு முதலில் தங்க இடம் கிடைத்தது, காவல் கிடைத்தது, அடுத்த வேளைச் சோறு நிச்சயமானது. அந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகிறோம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சரி, வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்குமா? கேட்கும். ஆறாம் மாத வாக்கில் காதின் உள்ளுறுப்புகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஏழாம் மாதத்தில் வெளிச் சத்தத்துக்குக் குழந்தை அசைந்து கொடுப்பதையும் இதயத் துடிப்பு மாறுவதையும் ஸ்கேனிலேயே பார்க்க முடிகிறது. வளைகாப்பை ஏழாம் மாதம் வைத்தவர்கள் இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் வைத்தார்களா என்று என்னைக் கேட்டால், தெரிந்த மாதிரி பேச மாட்டேன். ஆனால் உள்ளே எது நன்றாகப் போய்ச் சேரும் என்பது தெரிந்த விஷயம். வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை மங்கவைத்துவிடும். தாழ்ந்த ஒலிகள் உள்ளே போகும். எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் போவது அம்மாவின் குரல். அது காற்று வழியாக மட்டும் போவதில்லை, அவள் உடம்பு வழியாகவும் போகிறது.

1980இல் அமெரிக்காவில் ஆந்தனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு பேர் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பச்சைப் பிள்ளைகள். காதில் ஹெட்போன், வாயில் பால் வராத ஒரு நிப்பிள். பிள்ளை ஒரு விதமாக விட்டு விட்டுச் சப்பினால் அதன் அம்மா வாசிப்பது கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண் வாசிப்பது கேட்கும். அந்தப் பிள்ளைகள் தாங்கள் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டு அம்மாவின் குரலை வரவழைத்தன. ஆறு வருஷம் கழித்து டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் இன்னொன்று செய்தார்கள். கடைசி ஆறு வாரம் தாய்மார்கள் ஒரே கதையைத் தினமும் இரண்டு தடவை உரக்கப் படித்தார்கள். பிறந்த பிறகு, வேறு ஒரு பெண் படித்தாலும்கூடப் பிள்ளைகள் அந்தக் கதையைத்தான் கேட்க விரும்பின. கதையின் பொருள் அவற்றுக்கு என்ன தெரியும்? தாளம் பிடிபட்டிருந்தது.

2009இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பிர்கிட் மாம்பே, காத்லீன் வெர்ம்கே ஆகியோரின் குழு, பிரெஞ்சு வீடுகளிலும் ஜெர்மன் வீடுகளிலும் பிறந்த சிசுக்களின் அழுகையைப் பதிவு செய்து பார்த்தது. பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் பிள்ளைகளின் அழுகை மேலிருந்து இறங்கியது. அந்தந்த மொழியில் பேச்சு ஏறி இறங்கும் விதமும் அப்படித்தான். முதல் அழுகையிலேயே தாய்மொழியின் ராகம்! தமிழ்ப் பிள்ளைகளின் அழுகையை யாராவது இப்படி அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

ருசியும் உள்ளே போகிறது. தாய் சாப்பிட்ட பூண்டின் வாசனை பனிக்குட நீரில் இருப்பதை ஜூலி மெனெல்லா என்ற ஆய்வாளர் 1995இல் காட்டினார். 2001இல் அவர் செய்தது இன்னும் சுவாரசியம். கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்து வந்த தாய்மார்களின் பிள்ளைகள், திட உணவு தொடங்கியபோது கேரட் கலந்த கஞ்சிக்கு முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. நம் ஊரில் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமுமாகச் சாப்பிட்ட அம்மாவின் பிள்ளை, சோறு ஊட்டும் நாளுக்கு முன்பே அந்த வாசனைகளோடு பழகியிருக்கும்.

இந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இதில் எந்தத் தாயும் தனியாகப் பாடம் படிக்கவில்லை. அவள் பேசினாள், சாப்பிட்டாள், வீட்டு வேலை செய்தாள். அதுவே போதுமானதாக இருந்தது. இதே ஆய்வுகளை வைத்துத்தான் இன்று "கருவிலேயே மேதை" என்று வகுப்புகளும் ஆப்களும் விற்கிறார்கள். தினமும் இன்ன ராகம், இன்ன சுலோகம், இன்ன நிறம், இன்ன எண்ணம். ஒருநாள் தவறினால் பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பாட்டுக் கேட்கப் பிடித்தவள் கேட்கட்டும், சாமி கும்பிடப் பிடித்தவள் கும்பிடட்டும். ஆனால் கர்ப்பத்தில் கேட்ட பாட்டால் பிள்ளை அறிவாளியாகும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஒரு வரி கிடையாது. பழகிய குரல் பழகியதாகத் தெரிகிறது என்பதோடு அவை நின்றுவிடுகின்றன.

துக்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். பிள்ளைத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று என்னை எதிர் வீட்டு மாடியில் உட்காரவைத்தார்கள். சித்தி கூடவே இருந்தாள். தெருவைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டார்கள், ஆனால் சத்தத்தை யார் சாத்த முடியும்? சங்கு ஊதியது கேட்டது. நீர்மாலை எடுத்து வருவது கேட்டது. அம்மாவின் குரல் மட்டும் கூட்டத்தில் தனியாகப் பிரிந்து கேட்டது. என்னைப் பார்க்க மாடி ஏறி வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "அழாதே தாயி, உள்ளே இருக்கது உங்கப்பாதான். நீ அழுதா அவருக்குத்தான் வலிக்கும்." சித்தி ஒரு தம்ளர் பாலை இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டே இருந்தாள். நான் குடிக்கவில்லை என்றால் மறுபடி சுடவைத்து மறுபடி ஆற்றினாள். அவளுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். அவள் அக்கா புருஷன் கீழே கிடக்கிறார், அவளும் அழவில்லை, எனக்காக.

அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசைவு தெரிகிறதா என்று விடியும்வரை படுத்திருந்தேன். அழுகையை அடக்கினால் பிள்ளைக்கு நல்லது என்றார்கள். அடக்க அடக்க நெஞ்சு படபடத்தது, அந்தப் படபடப்பு பிள்ளைக்கு ஆகாதே என்று இன்னும் படபடத்தது. என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அடுத்த மூன்று மாதமும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நான் தண்டனை கேட்கப் போகிறவளாகவே போனேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை யாராவது அப்போது எனக்குச் சொல்லியிருக்கலாம். துக்கமோ பயமோ வந்தால் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது ரத்தம் வழியாக நஞ்சுக்கொடிக்கு வரும். ஆனால் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. அது வருகிற கார்டிசாலின் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. தாய்க்கு வரும் ஒவ்வொரு அதிர்ச்சியும் அப்படியே பிள்ளையின் தலையில் இறங்கிவிடாதபடி உடம்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேனட் டிபியெட்ரோ 2006இல் வெளியிட்ட ஆய்வு என்னைத் திகைக்கவைத்தது. ஆரோக்கியமான கர்ப்பிணிகளிடம் சாதாரண அளவிலும் நடுத்தர அளவிலும் இருந்த கவலை, இரண்டு வயதில் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. சற்று அதிகமாகக் கவலைப்பட்டவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் முன்னேதான் இருந்தார்கள்.

அதற்காக எதுவுமே எட்டாது என்று சொல்ல முடியாது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வராமல் தடுத்தது. ரேஷன் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். இதய நோய் அவர்களிடம் அதிகம். மனச்சிதைவு நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பத்தில் கடுமையான மனச்சோர்வு வந்து, கவனிக்கப்படாமலே நீடித்தால், குறைமாதத்தில் பிறப்பதற்கும் எடை குறைவதற்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது.

ஆனால் எது எட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க உதவியது கனடாவில் அடித்த ஒரு பனிமழை. 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தில் உறைமழை பெய்து மின்கம்பிகளெல்லாம் பனிப் பாரத்தில் அறுந்து விழுந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மின்சாரம் போனது, சில வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல். நடுக் குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சூசன் கிங் என்ற உளவியல் ஆய்வாளர் அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டார். உங்களுக்கு நிஜத்தில் என்ன நடந்தது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீடு மாற வேண்டி வந்ததா என்பது ஒன்று. நீங்கள் எவ்வளவு கலங்கினீர்கள் என்பது இன்னொன்று. பிள்ளைகள் ஐந்தரை வயதானபோது பேச்சுத் திறனையும் அறிவுத் திறனையும் அளந்தார்கள். வித்தியாசம் தெரிந்தது உண்மையிலேயே அதிகம் அல்லல்பட்டவர்களின் பிள்ளைகளிடம். அம்மா எவ்வளவு கலங்கினாள் என்பதற்கும் இந்த அளவீடுகளுக்கும் தொடர்பு தெரியவில்லை.

இதைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் வீடுகள் கலங்காதே என்று சொல்வதில்தான் மும்முரமாக இருக்கின்றன. குளிரையும் இருட்டையும் போக்குவது யார் வேலை என்று கேட்பதில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனை ஒன்றும் சொல்லாமல், அடிபடுகிறவளிடம் போய் "பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ, அழாதே" என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டாம் மாதத்திலும் குடம் தூக்குகிறவளுக்கு மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லி என்ன பயன்? அந்தக் குடத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

பிரசவ அறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பிணியின் பயமெல்லாம் போய்ச் சேரும் இடம் அது.

என் முதல் பிரசவம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே கத்தினால் "கத்தாதே" என்றார்கள், வலி எப்போது முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. என்ன ஊசி போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்பதும் தெரியாது. என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் அந்த அறையில் எனக்கென்று ஒருவரும் இல்லை.

சில வருஷம் கழித்து என் தங்கைக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்று சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். நகைகளைக் கழற்றி, தலையை இரட்டைப் பின்னல் போட்டுக் கூட்டிப் போனோம். வளைகாப்பு வளையல்களைக் கழற்றும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. வலி வரும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நான் அவள் இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். வலி விட்ட இடைவெளியில் ஒரு வாய் தண்ணீர். நர்ஸம்மா கருவியை வயிற்றில் வைக்க, குழந்தையின் துடிப்பு தடதடவென்று அறை முழுக்கக் கேட்கும். அப்போது மட்டும் அவள் முகம் மாறும். ஒரு கட்டத்தில் "அக்கா, என்னால முடியாது. ஆபரேஷன் பண்ணிரச் சொல்லு" என்றாள். நான் வைத்தியம் தெரிந்தவளா, என்ன சொல்வது? "சரிடா, சொல்றேன். இந்த ஒரு வலி போகட்டும்" என்றேன். அந்த ஒரு வலி போனது. அடுத்ததற்கும் அதையே சொன்னேன். நர்ஸம்மா என்னைப் பார்த்து, அப்படியே பேசிக்கிட்டே இருங்க என்றார்.

பயம் கூடினால் அட்ரினலின் சுரக்கும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினின் வேலையை அது தடுமாறவைக்கும். வலி நீளும், நீள நீளப் பயம் கூடும். இந்தச் சுழலை ஒரு மனிதத் துணை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு 1980இல் குவாத்தமாலாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்து முதுகு தடவிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தாள். மற்றவர்களுக்கு வழக்கம்போலத் துணை இல்லை. சேர்த்ததிலிருந்து பிரசவம் ஆகும்வரை துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரம். இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். மருந்து எதுவும் மாறவில்லை, ஆள் இருந்தாள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அது சிறிய ஆய்வு. பிறகு 17 நாடுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 சோதனைகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோதும் போக்கு அதேதான். துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவத்தைக் கசப்பாக நினைவு வைத்திருப்பவர்கள் குறைகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004லேயே வந்துவிட்டது. மத்திய அரசு நாடு முழுவதற்கும் அனுமதி தந்தது 2016இல். இதில் நமக்கு உண்மையிலேயே பெருமைப்பட இடம் உண்டு. ஆனால் உத்தரவு இருப்பதும் ஒவ்வொரு இடத்திலும் நடப்பதும் வேறு வேறு. கட்டிலுக்குக் கட்டில் திரை இல்லாத அறையில் இன்னொருத்தியின் உறவினரை எப்படி உள்ளே விடுவது என்று கேட்கும் நர்ஸ்களின் சங்கடம் நியாயமானது. திரையும் இடமும் கொடுத்தால் அது தீரும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பிரசவ அறையில் துணைக்கு விடுவீர்களா என்பதை ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். வலி வந்த பிறகு வாசலில் நின்று சண்டை போட முடியாது.

அப்புறம், பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் "சுகப்பிரசவமா?" என்ற கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8 சதவீதம். இவ்வளவு ஏன் என்று ஆஸ்பத்திரிகளைக் கேட்க வேண்டும், கேட்டே ஆக வேண்டும். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளிடம் போய், முக்காமல் சுலபமாகப் பெற்றுக்கொண்டாய் என்கிற தொனியில் கேட்பது கொடுமை.

பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் என் தங்கை தலையணை உறை மாற்றவில்லை என்பதற்காக விக்கி விக்கி அழுதாள். அரை மணி நேரத்தில் அவளே சிரித்தாள். இது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வருவது. ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தங்கினால்தான் கவனிக்க வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல், நான் நல்ல அம்மா இல்லை என்ற நினைப்பிலேயே ஒருத்தி வாரக்கணக்கில் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் உண்டு.

இதை நகரத்துப் பெண்களின் நோய் என்று நினைப்பவர்களுக்காக 2002இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் சந்தித்தார்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்ற பட்டியல்தான் என்னை உலுக்கியது. வருமானம் குறைந்தவர்கள். ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்கள். மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்கள். கர்ப்ப காலத்தில் பெரிய இழப்போ இடியோ வந்தவர்கள். வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள். இதில் அந்தப் பெண் தன் மனதைத் திடப்படுத்திக்கொள்வதால் மட்டும் மாறக்கூடியது எது என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாமே வீட்டாரிடம் இருக்கிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம் இந்த இடத்தில்தான் எனக்கு மதிப்பாகத் தெரிகிறது. பத்தியச் சாப்பாடும், எண்ணெய் தேய்த்த குளியலும், பிள்ளையை வாங்கிக்கொள்ள நாலு கையும் ஒரு பெண்ணுக்கு அப்போது கிடைக்கின்றன. பெண் பிள்ளை என்றதும் மாமியார் வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காத நாட்களும் அதே தாய் வீட்டில்தான் கழிகின்றன. அந்தக் காத்திருப்பு ஒருத்தியை என்ன செய்யும் என்பதை நான் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதற்கு எளிய வழி இருக்கிறது. 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் தமிழ் வடிவத்தையும் வேலூரிலேயே சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, காரணமில்லாமல் பயம் வந்ததா, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்கிற மாதிரியான கேள்விகள். எடை, பி.பி., ரத்தம் பார்க்கும் அதே வரிசையில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கி வருகிற ஒவ்வொரு தாயிடமும் இதைக் கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பிரசவத்துக்குப் பின் மனம் பேதலிக்கும் நோய் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வருகிறது, அதை இந்த மனச்சோர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தூக்கமே இல்லாமல் போகும், பேச்சு தாறுமாறாகும், இல்லாத குரல் கேட்கும், பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வரும். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று கோடாங்கியைத் தேடிப் போகும் நாட்களில் இரண்டு உயிர்கள் ஆபத்தில் இருக்கின்றன. மாரடைப்புக்கு எவ்வளவு அவசரமாக ஓடுவோமோ அவ்வளவு அவசரம் இதற்கும் வேண்டும். சரியான சிகிச்சையில் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009இல் தொடங்கியது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சொல்கிறது. பிள்ளைக்கோ தாய்க்கோ ஆபத்து இருந்தால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பைத்தியக்காரியிடம் பிள்ளையைக் கொடுக்காதே என்று வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக மாத்திரை விஷயம். ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் பெண் உண்டானதும், வீட்டில் முதலில் நிறுத்துவது அந்த மாத்திரையைத்தான். "பிள்ளைக்கு ஆகாது" என்பதுதான் இங்கும் காரணம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும், பிரசவத்தை ஒட்டி மிகக் கடுமையாகத் திரும்பும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மனம் பேதலிக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. வால்புரோயேட் மாதிரிச் சில மருந்துகள் கருவுக்கு உண்மையிலேயே கெடுதல், கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டியவை. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மருத்துவர் மேற்பார்வையில் தொடரக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை உண்டாவதற்கு முன்பே மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் அது நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் மருத்துவர்கள் இல்லை. பெண்ணுக்கு வைத்தியம் நடப்பதையே மறைத்துக் கல்யாணம் முடித்திருப்பார்கள். மாத்திரையை அவள் புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவாள், தீர்ந்ததும் வாங்கிவரக் கேட்க ஆள் இருக்காது. உண்டான பிறகு எந்த டாக்டரிடம் எதைச் சொல்வது? பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். மகப்பேறு மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: முதல் செக்கப்பில் ஐந்து நிமிஷமாவது அந்தப் பெண்ணைத் தனியாக வைத்துப் பேசுங்கள்.